மாலை போட்டவருக்கு வந்த காய்ச்சல்

மாலை போட்டவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மணி, காலில் செருப்பு கிடையாது. என் கணவர் பிரகாஷ் அந்தக் கோலத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமுக்குள் போனார். ஒரு கையை நான் பிடித்திருந்தேன், இன்னொரு கையை அவருடைய அம்மா. குளிர்காய்ச்சலில் பற்கள் தந்தியடித்தன. டூட்டி டாக்டர் குடி உண்டா, புகை உண்டா, வேறு பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். அத்தை அவரை முடிக்கவே விடவில்லை.

"மாலை போட்டிருக்கான் டாக்டர். பீடி நாத்தம்கூட ஆவாது அவனுக்கு" என்றார்.

டாக்டர் கழுத்து மாலையைப் பார்த்தார். தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த நர்சிங் ஹோமில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நர்ஸ்கள்கூட "ஸ்வாமி, கை நீட்டுங்க" என்று மரியாதையாக ஊசி போட்டார்கள். அந்த ஒரு பதில் அவர் உயிரைக் குடிக்கப் பார்த்தது. இதை நான் எழுதுவது அதற்காகத்தான். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் இதே காய்ச்சல் வரும். அந்த வீடுகளிலும் ஒரு அத்தை வாசலில் நின்று பதில் சொல்வார்.

நாங்கள் ஒக்கலிபுரத்தில் இருக்கிறோம். நான் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அவருக்கு பொம்மசந்திராவில் வார்ப்புக் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க இரும்பைத் தூக்கி வைக்க வேண்டும். முதுகு போயிற்று. அதே ஷிஃப்டில் வேலை செய்யும் சதீஷ், எங்கள் பின்தெருப் பையன், ஒரு வலி மாத்திரையைக் காட்டிக் கொடுத்தான். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலேயே கிடைத்தது. முதலில் விழுங்கினார்கள். பிறகு விழுங்கினால் போதவில்லை என்று அதையே ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். போன மழைக்காலத்தில் எனக்கு இது தெரியவந்தபோது வீடு இரண்டுபட்டது.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். நான் வேலை செய்யும் அபார்ட்மெண்டுக்குப் போலீஸ் அதிகாரிகள் வந்து, கிளப் ஹாலில் திரை கட்டி, கற்கண்டு மாதிரி இருக்கும் ஒரு பொருளையும் ஸ்டாம்ப் மாதிரி இருக்கும் ஒரு காகிதத்தையும் காட்டி, இதெல்லாம் போதைப்பொருள் என்று பெற்றோர்களை எச்சரித்தார்கள். டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. எங்கள் தெருவுக்கு வந்தது மைக் கட்டிய ஆட்டோ. கஞ்சா விற்பவரைப் பார்த்தால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்திவிட்டுப் போயிற்று. அந்த வாரமே முனையில் நின்ற பையன்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சிறுநீர் பரிசோதனை செய்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுப் பையனுக்கு அதோடு வேலை போயிற்று. மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் பற்றி அந்த மைக்கில் ஒரு வார்த்தை வரவில்லை. கிளப் ஹாலிலும் வரவில்லை.

அப்போதுதான் அத்தைக்கு மாலை யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். குடிக்கிற ஆளுக்கு வீட்டார் கெஞ்சிக் கூத்தாடி மாலை போடவைப்பார்கள். மலைக்குப் போய்வந்த மறுநாளே பாட்டிலைத் திறப்பவர்களும் உண்டு. ஆனாலும் அந்த ஒரு மண்டலம் வீடு மூச்சு விடும். கார்த்திகை முதல் தேதி அவரும் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தார். கறி இல்லை, தரையில் படுக்கை, கோபமாக ஒரு பேச்சு இல்லை. கட்டிய புருஷனை நானும் சாமி என்று கூப்பிட்டேன். அவரும் என்னிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட சாமி போட்டார். சிரிப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

ஆனால் அவர் மாத்திரையை விடவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து அப்படிச் செய்யவில்லை, அதுதான் கொடுமை. விரதத்தில் எதையெல்லாம் தொடக்கூடாது என்று குருசாமி சொன்னாரோ அதையெல்லாம் அவர் தொடவில்லை. அதில் மாத்திரை இல்லை. "குடிக்கலையே செல்வி. கறி துன்னலையே. அது மருந்துதானேன்னு நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். ஐயப்பனிடம் பொய் சொன்னதாக அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

நர்சிங் ஹோமில் முதலில் டைஃபாய்டு என்றார்கள். பிறகு டெங்கு என்று சந்தேகப்பட்டார்கள். காய்ச்சல் சாயங்காலமானால் ஏறும், வியர்த்துக் கொட்டி இறங்கும், மறுபடி ஏறும். அதோடு கூட வேறு என்னவோ நடந்தது. விடாமல் கொட்டாவி விட்டார். மூக்கு ஒழுகியது. உரித்த கோழி போல உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கால்கள் தானாக உதைத்துக்கொண்டன. வயிற்றுப்போக்கு வேறு. மாத்திரைக்குப் பழகிய உடம்பு அது கிடைக்காமல் போனால் இப்படித்தான் துடிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது டைஃபாய்டில் இப்படியெல்லாம் வரும் என்றார்கள், நம்பினோம். தினம் காலையில் பில் மட்டும் தவறாமல் வந்தது. என் காப்பகத்தில் முன்பணம் வாங்கிக் கட்டினேன்.

அவர் இருமியபோது துண்டில் ரத்தம் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றார். டிபி வார்டுக்கு அனுப்பலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். அன்று மத்தியானம் அவருக்கு வேட்டி மாற்றிவிடும்போது தொடையைப் பார்த்தேன். உள்பக்கம் வரிசையாகக் கறுத்த புள்ளிகள். ஒரு இடம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தது. மாலை போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நான் நம்பியிருந்தவள். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராந்தாவில் அத்தையிடம் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சொன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொல்வார்கள், கேஸ் ஆகும், வேலை போகும், மாலை போட்டுக்கொண்டு ஊசி குத்தினான் என்று தெரு பூராவும் காறித் துப்பும் என்றார். அத்தை கெட்டவர் இல்லை. மகனோடு சேர்ந்து தானும் செருப்பில்லாமல் நடந்தவர். அந்த நர்சிங் ஹோமில் கட்டிலுக்கடியில் பாயில் படுத்துக்கொண்டு, மகன் கால் உதைக்கும்போதெல்லாம் எழுந்து அமுக்கிவிட்டவர். எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது, பாவமாகவும் இருந்தது.

என்ன செய்வது என்று நாங்கள் முடிவெடுப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இனி எங்களால் முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நர்சிங் ஹோமில் கைவிரித்தார்கள். ஆம்புலன்ஸ் சைரனை அலறவிட்டுக்கொண்டு டிராஃபிக்கில் நின்றது. முன்னால் இருந்த பஸ் நகர இடமே இல்லை. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவர் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன். சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ஒரு பெண் டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். அது இதயம் வேலை செய்வதைப் படமாகத் திரையில் காட்டும். இதயத்துக்குள் ரத்தம் ஒரே பக்கம் போவதற்காகச் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவற்றை வால்வு என்கிறார்கள். வலதுபக்கக் கதவு ஒன்றில் என்னவோ ஒட்டிக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் ஆடியது. அது கிருமிகள் சேர்ந்து வளர்ந்த கட்டி என்று டாக்டர் சொன்னார். அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போகின்றன, ரத்தம் வருவது அதனால்தான் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்.

"இவரு தாவே இஞ்செக்ஷன் தகோதாரா?" தானாகவே ஊசி போட்டுக்கொள்வாரா என்று கேட்கிறார்.

அத்தை வாயைத் திறந்தார். "மாலை போட்டிருக்கான்..." என்று ஆரம்பித்தார்.

"போட்டுக்குவார் மேடம்" என்றேன் நான். "தொடையில பாருங்க."

போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லை திட்டுவாராவது என்று நினைத்தேன். எந்த மருந்து, கடைசியாக எப்போது, வேறு யாருடைய ஊசியையாவது வாங்கிப் போட்டுக்கொண்டாரா என்று மட்டும் கேட்டார். ரத்தத்தைப் பாட்டில்களில் எடுத்து அனுப்பினார். எந்தக் கிருமி என்று வளரவிட்டுப் பார்ப்பதற்கு. முதல் நாளே இது தெரிந்திருந்தால் வால்வு இவ்வளவு கெட்டிருக்காது என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

ஐசியூவுக்கு ஏற்றும் முன் கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னார்கள். குருசாமி வந்துதான் கழற்ற வேண்டும் என்று அத்தை சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்ட்ரெச்சர் பக்கம் போய், மகனின் தலையைத் தூக்கி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, தன் கையாலேயே மாலையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். தள்ளிக்கொண்டு போக வந்த ஆள் "ஸ்வாமி, கை உள்ள வைங்க" என்றார்.

"சாமின்னு கூப்புடாதப்பா" என்றார் அத்தை. "பேரு பிரகாஷ். பேரச் சொல்லிக் கூப்புடு."

ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அத்தனை பேரும் எழுந்து நிற்போம். நமக்கில்லை என்று தெரிந்ததும் உட்காருவோம். என் நாத்தனார் ஹோசூரிலிருந்து தினம் பஸ் பிடித்து வந்து எனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, தன் வீட்டில் சமைக்கத் திரும்பிப் போவாள். பிளாஸ்கில் ரசம் இருக்கும். குடித்துவிட்டு அழுவேன். அழுகிறதை அவள் பார்க்காத மாதிரி பிளாஸ்கைக் கழுவப் போய்விடுவாள்.

ஒருவழியாக அவர் வார்டுக்கு வந்தார். ஆறு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்றார்கள். அதற்காக மேல்கையில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி இதயத்துக்குப் பக்கம்வரை கொண்டுபோயிருந்தார்கள். அதற்கு லைன் என்று பேர். வீட்டிலிருந்து தினம் வந்து போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். மாத்திரைக்கு ஏங்கும் ஒருவர் கையில் இந்தக் குழாய் திறந்த வாசல். இதன் வழியாக எதையாவது ஏற்றினால் நேராக இதயத்துக்குப் போகும், அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை என்றார். அன்றிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கையைப் பார்த்ததுதான் அதிகம்.

மனநலப் பிரிவிலிருந்து ஒரு கவுன்சிலர் வந்தார். தானாக வைத்தியத்துக்கு வருகிற நோயாளிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, விற்பவன் வேறு, நோயாளி வேறு என்று அத்தைக்குப் பொறுமையாகச் சொன்னார். ஏங்குகிற உடம்பை அடக்க, நாக்குக்கடியில் வைத்துக் கரைக்கும் ஒரு மாத்திரை உண்டு. இங்கேயே கீழ்த்தளத்தில் ஓர் அறையில் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. கரையும்வரை நர்ஸ் எதிரில் வாயை மூடி உட்கார வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. அதை அவருக்கும் ஆரம்பித்தார்கள். கால் உதைப்பது நின்றது. இவ்வளவும் இருக்கிறது என்பதை அந்த மைக் ஆட்டோவில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கவுன்சிலர் சிரித்து மழுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. அத்தை உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். டாய்லெட் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வெளியே ஆப்பிள் பையோடு சதீஷ் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கதவை இரண்டு கையாலும் இடித்தேன். சிஸ்டர் ஓடிவந்தார், வார்டு பாய் தோளால் மோதித் தாழைப் பெயர்த்தார். உள்ளே என் கணவர் சிரிஞ்சை எடுத்துக் குழாயில் வைக்கும் நிலையில் இருந்தார். சிஸ்டர் அதைப் பிடுங்கினார். லைனை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதாவது உள்ளே போயிற்றா என்று கன்னடத்தில் கத்தினார். போகவில்லை.

சதீஷைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். அங்கே சுவரில், போதை மருந்து விற்பவரைப் பற்றிப் போலீசுக்குத் தகவல் சொல்லும் நம்பர் ஒட்டியிருந்தது. போனை எடுத்துவிட்டேன். அவன் ஓடவில்லை. "அண்ணி, அவன்தான் போன் பண்ணிக் கேட்டான்" என்றான். அது உண்மை என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. அவன் கைகள் நடுங்கின, மூக்கு ஒழுகியது, ஓயாமல் கொட்டாவி விட்டான். நர்சிங் ஹோமில் நான் பார்த்த அதே உடம்பு. மெடிக்கல் ஷாப்களில் ரெய்டு நடக்கிறது, மாத்திரை கிடைப்பதில்லை, வைத்திருந்ததில் பாதியைத்தான் கொண்டுவந்தேன் என்றான். போனைப் பைக்குள் போட்டேன். கீழ்த்தளத்து அறையைக் காட்டி, திங்கட்கிழமை காலையில் அங்கே வா, நானே கூட நிற்கிறேன் என்றேன். சரி என்றான். திங்கட்கிழமை அந்த அறை வாசலில் வெகுநேரம் நின்றேன். அவன் வரவில்லை.

என் கணவரின் போனை சிஸ்டரிடம் கொடுத்துவைத்தோம். அவர் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. மருந்து ஏறியது, காய்ச்சல் நின்றது, இருமலில் ரத்தம் வரவில்லை. வால்வு கசிகிறது, ஆனால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், இன்னொரு முறை கிருமி போனால் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். என் கணவர் அதையும் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

கடைசி வாரத்தில் ஒரு காலை, என் நாத்தனார் போன் செய்தாள். சதீஷ் போய்விட்டான். மாத்திரை கிடைக்காமல் வேறு எதையோ யாரிடமோ வாங்கிப் போட்டுக்கொண்டானாம். அறைக்கதவை உடைத்துத்தான் எடுத்தார்களாம். கடைகளை அடைத்தார்கள், சரி. அடைத்த கடைக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றவனை அந்தக் கீழ்த்தளத்து அறைவரை யார் கூட்டிப்போவது? நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லைன் எடுக்கும்வரை அவனிடம் சொல்லாதே என்றார் அத்தை. அவர் பயம் நியாயமானது. கவுன்சிலர் அன்று லீவு. உயிர் நண்பன் செத்தான் என்று கேட்டால் இந்த மனுஷன் கை எதைத் தேடும் என்று எனக்கும் தெரியும். அன்று மத்தியானம் அவர் பல நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். கம்பெனியில் லீவு சொல்ல வேண்டும், போனைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொடு என்றார். போனைத் திறந்தால் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் சதீஷ் படம்தான் மாலையோடு இருக்கும். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார்.

ஒரு முறை மறைத்து அவர் இதயத்தை இழக்கப் பார்த்தோம். நான் கட்டிலில் உட்கார்ந்து, லைன் இருந்த கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. எப்போது என்று கேட்டார். யார் தூக்கினார்கள் என்று கேட்டார். பிறகு தன் கையிலிருந்த அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வேகமாக வந்தது. நெற்றி வியர்த்தது. என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

"செல்வி" என்றார். "எனக்கு இப்ப வேணும்போல இருக்கு. ரொம்ப வேணும்போல இருக்கு."

இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து இதை நான் கேட்டதில்லை. டாக்டர் கேட்டும் சொன்னதில்லை, கவுன்சிலர் கேட்டும் சொன்னதில்லை. சிஸ்டரைக் கூட்டிவருகிறேன் என்று எழுந்தேன். அவர் கையை விடவில்லை.

"நீ போவாத. இங்கேர்ந்தே கூப்புடு."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிஸ்டரைக் கூவினேன்.